ஹெலன் கெல்லரின் கைகள்

ஆங்கிலத்தில் ‘டச்’ என்றால் தொடுதல். ‘ஃபீல்’ என்றால் தடவிப் பார்த்தல், மனத்தால் உணர்தல் ஆகிய இரண்டுமாம். ‘குரோப்’ என்பது இருட்டில் துழாவுதல். இவற்றை நாம் அகராதியில் பார்த்துத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். ஆனால் இவ்வினைகளையே வாழ்க்கையாகக் கொண்டவர் ஹெலன் கெல்லர் அம்மையார்.

அவர் 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் பிறந்தார். பத்தொன்பதாம் மாதத்தில் வந்த கொடிய நோய் அவருடைய பார்வையையும் செவிப்புலனையும் ஒருங்கே பறித்துக்கொண்டது. பின்னர் அன்னையின் ஆடையைப் பற்றிக்கொண்டே வீடெங்கும் நடந்தார். ரொட்டி வேண்டுமானால் அதை அறுத்து வெண்ணெய் தடவுவதுபோல் சைகை காட்டுவார். பிறருக்குப் புரியாவிட்டால் சினம் பொங்கி உதைப்பார்.

1887-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் ஆசிரியை ஆன் சல்லிவன் வந்து சேர்ந்தார். அவருக்கே வயது இருபதுதான், கண்பார்வையும் குறைவு. பொம்மை ஒன்றைக் கொடுத்து, அதன் பெயரைக் குழந்தையின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக் கூட்டினார். ஹெலனுக்கு அது வெறும் விரல் விளையாட்டு. ஏப்ரல் 5-ஆம் நாள், குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் ‘வாட்டர்’ என்னும் எழுத்துகள் விழுந்தன. பொருளுக்குப் பெயர் உண்டு என்பது அப்போது விளங்கிற்று.

இதை எல்லோரும் அறிவர். அடுத்து நடந்ததே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. சற்று முன்புதான் ஹெலன் கோபத்தில் தம் பொம்மையை உடைத்திருந்தார். அப்போது வருத்தமே இல்லை. குழாயடியிலிருந்து திரும்பியதும் அத்துண்டுகளைத் தடவி எடுத்துப் பொருத்தப் பார்த்தார், முடியவில்லை. கண்ணீர் விட்டு அழுதார்.

பின்பு ஒரு நாள் அன்பு என்றால் என்ன என்று கேட்டார். பூவின் மணமா, வெயிலின் சூடா? தொட முடியாததைக் கையில் எப்படித் தருவது? மேகத்தைத் தொட இயலாது, ஆயினும் மழையை உணர்கிறோமல்லவா, அன்பும் அப்படித்தான் என்று ஆசிரியை விளக்கினார். ‘டச்’ வேறு, ‘ஃபீல்’ வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இலக்கண நூல் எது?

1890-இல் சாரா ஃபுல்லர் என்னும் ஆசிரியையின் முகத்திலும் வாயிலும் கை வைத்துப் பேசக் கற்றார். பாடகர் கரூசோ பாடியபோது அவர் உதடுகளில் விரல் வைத்தே பாட்டை அறிந்தார். 1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டமும் பெற்றார்.

பார்த்தேன், கேட்டேன் என்றெல்லாம் எழுத இவருக்கு என்ன உரிமை என்று சிலர் குறை கூறினர். என்ன நியாயம் இது! எல்லோருக்கும் பொதுவான மொழியில் பாதியை அவர் விட்டுவிட வேண்டுமா? 1908-இல் வெளிவந்த நூலில் கைகளைப் பற்றியே விரிவாக எழுதினார்; நண்பர்களைக் கை குலுக்கும் விதத்தாலேயே அடையாளம் கண்டவர் அவர்.

1936-இல் ஆசிரியை இறந்தார். அப்போது அவர் கை ஹெலனின் கையில் இருந்தது. 1955-இல் இந்தியாவுக்கும் வந்து நேருவைச் சந்தித்த அம்மையார், 1968-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் மறைந்தார்.