சுமை குறைத்த கம்மியர்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரையும் புலவரையும் அறவோரையுமே நாடிச் செல்வர். கம்மியர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும், இன்று உலகெங்கும் மக்கள் கையடக்கமான கருவி கொண்டு படம் பிடிக்கின்றனரெனின், அதற்கு வழிகோலியோருள் முதன்மையானவர் ஜேர்மனி நாட்டுக் கம்மியர் ஒருவரே. ஒஸ்கார் பார்னாக் என்பது அவர் பெயர்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இவர்பால் ஈடுபாடு உண்டானது எங்ஙனம் என அன்பர்கள் வினவலாம். கோயிற் கல்வெட்டுக்களையும் பழஞ்சுவடிகளையும் படமெடுத்து மாணவர்க்குக் காட்டும் வழக்கமுடையேன். எந்த வில்லையை எடுத்துச் செல்வது, எதனை வீட்டில் விட்டுச் செல்வது என்னும் வினா ஒவ்வொரு பயணத்திலும் எழும். அதற்கு விடை தேடிப் படித்தவற்றுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது இவருடைய வாழ்க்கையாகும்.

பார்னாக் 1879 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, பிராண்டன்பேர்க் நாட்டிலுள்ள லைனோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிற் பேர்லினை அடுத்த ஊரில் நுண்கருவித் தொழில் பயின்றார். 1902 இல் யேனா நகரத்துச் சைஸ் தொழிற்சாலையிற் சேர்ந்து எட்டாண்டு உழைத்தார். விடுமுறை நாட்களில் மலைக்காடுகளில் நடந்து படமெடுப்பதிற் பெருவிருப்புடையவர். ஆனால் அக்காலத்துக் கமெராவோ பெரிய பெட்டி, 13 சென்ரிமீற்றர் அகலமும் 18 சென்ரிமீற்றர் நீளமுமுடைய கண்ணாடித் தகடுகள், அவற்றிற்கான உறைகள், தாங்குகால்கள். பார்னாக்கோ ஈளை நோயாளர். மேட்டிலேறினால் மூச்சு முட்டும். சுமையைக் கைவிட்டாற் படமில்லை. படத்தை விரும்பினால் உடல் இடந்தரவில்லை. இந்த நெருக்கடியிலேதான் அவருடைய எண்ணம் பிறந்தது.

சிறிய எதிர்ப்படம் ஒன்றை எடுத்து, அதனைப் பின்னர் பெருக்கிக்கொண்டால் என்ன என்பதே அவ்வெண்ணம். இதனை இலக்கண மாணாக்கர் எளிதில் உணர்வர். சூத்திரம் சில எழுத்துக்களால் இயன்றது, உரையோ விரிந்தது. சூத்திரம் செறிவும் தெளிவும் உடையதாயினன்றோ உரை சிறக்கும்? சிறிய எதிர்ப்படமும் அத்தகையதே. அது சற்றே மங்கலாயினும், பெருக்குந்தோறும் மங்கலே பெருகும். பார்னாக் முதலில் ஒரு கண்ணாடித் தகட்டிலேயே பல சிறு படங்களை எடுத்துப் பார்த்தார். தகட்டின் மருந்துத் துகள்கள் பருமனாயிருந்தமையால் அம்முயற்சி பயன் தரவில்லை.

1911 ஜனவரியில், எமில் மெக்காவ் என்னும் நண்பரின் பரிந்துரையால் வெற்ஸ்லார் நகரிலுள்ள லைற்ஸ் தொழிற்சாலைக்கு வந்தார். நுணுக்குக்காட்டிகள் செய்வதிற் புகழ்பெற்ற இடம் அது. அங்கே சினிமாப் படச்சுருளைக் கையாளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. சினிமாச் சட்டத்தின் அளவு 18 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர். அதனை இரட்டித்து, 24 க்கு 36 மில்லிமீற்றர் என்னும் அளவை அவர் தமது கருவிக்கு அமைத்தார். சினிமாவுக்குரிய வில்லை இவ்விரட்டைச் சட்டம் முழுவதையும் தெளிவாக நிரப்பாதாகலின், நுணுக்குக்காட்டிப் படங்களுக்கென ஆக்கப்பட்ட 42 மில்லிமீற்றர் வில்லையொன்றைப் பொருத்தினார். 1914 இல் அக்கருவி உருப்பெற்றது.

அவ்வாண்டே முதலாம் உலகப்போர் மூண்டமையால் வேலை தடைப்பட்டது. போருக்குப் பின்னர் மக்ஸ் பெரெக் என்னும் ஒளியியல் அறிஞர் அச்சிறு சட்டத்துக்கென்றே 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய வில்லையைக் கணித்துத் தந்தார். எல்மார் எனப் பெயர்பெற்ற அவ்வகை வில்லை நான்கு கண்ணாடிகளாலானது. பயன்படுத்தாத வேளையிற் கருவியினுள்ளே அமிழ்ந்து அடங்குவது. 1923 இல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட மாதிரிக் கருவிகள் செய்யப்பட்டன. பார்த்தவர் எல்லாரும் பாராட்டினாரல்லர்; இதனை விளையாட்டுப் பொருளெனக் கருதியோரும் உளர். நாணய வீழ்ச்சியால் நாடு நலிந்திருந்த காலம் அது. புதுத்தொழிலிற் பணத்தை இட்டு இழந்தால் தொழிலாளர் பலரின் வாழ்வும் கெடும். 1924 இல் ஆலோசகர் பலர் தயங்கியபோதும், உரிமையாளரான இரண்டாம் ஏர்ண்ஸ்ட் லைற்ஸ் செய்வோம் எனத் துணிந்தார். அடுத்த ஆண்டு லைப்சிக் நகரத்து இளவேனிற் சந்தையிலே லைக்கா என்னும் பெயருடன் அது வெளிவந்தது.

பின்னர் 1930 இல் வில்லைகளை மாற்றிப் பூட்டும் அமைப்பு வந்தது. முதலில் ஒவ்வொரு வில்லையையும் அதற்குரிய கருவியுடன் தனித்தனியே பொருத்திச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1931 இற் பூட்டுவாயிலிருந்து படச்சுருள் வரையுள்ள தூரம் 28.8 மில்லிமீற்றர் என வரையறுக்கப்பட்டமையால், எவ்வில்லையும் எக்கருவிக்கும் பொருந்தலாயிற்று. 35, 50, 90, 135 மில்லிமீற்றர் என வில்லைகள் வரிசையாயின. 1932 இல் தூரங்காட்டி வில்லையோடு இணைக்கப்பட்டது. முதற் கருவியில் 1/20 செக்கனிலிருந்து 1/500 செக்கன் வரையிருந்த திரையின் வேகம், 1933 இல் ஒரு முழுச் செக்கன் வரை நீண்டது.

இவ்வரிசை இன்றும் பழுதற்ற பாடமாக எனக்குப் பயன்படுகின்றது. ஒடுங்கிய பிரகாரத்துக்கு 35; கல்வெட்டுக்கும் சுவடிக்கும் 50; கோபுரத்து உயரத்திலுள்ள சுதைச் சிற்பத்துக்கு 135. துவாரத்தைச் சுருக்கினால் அண்மையிலுள்ளதும் சேய்மையிலுள்ளதும் ஒருங்கே தெளிவுறும். ஆயின் ஒளி குறையும். திரையை நெடுநேரம் திறக்க வேண்டும். கை நடுங்கின் எழுத்துக் கலங்கும். ஆதலால் இருண்ட மண்டபத்துக்கு ஓர் அமைப்பு, வெயிலுக்கு ஓர் அமைப்பு என முன்னரே வகுத்துக்கொள்வேன். இக்காலத்துக் கருவிகள் அத்தகைய அமைப்புக்களைத் தாமே நினைவில் வைத்திருக்கின்றன. எனினும் எதற்கு எது என்று தெரிவு செய்தல் நம் கடமையே. இரண்டு வில்லைகளுக்கு மேல் நான் சுமப்பதில்லை.

நம் நாட்டிலும் லைக்காவைக் கையாண்டு அரிய படங்களை ஆக்கியோருள் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் குறிப்பிடத்தக்கவர். அவர் 1944 இல் மறைந்தார்.

பார்னாக் 1936 ஜனவரி 16 ஆம் நாள், தமது ஐம்பத்தாறாம் வயதிற் காலமானார். 1923 இல் ஆக்கப்பட்ட மாதிரிகளுள் அவர் தமக்கென வைத்திருந்த ஒன்று, 2022 இல் 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு ஏலத்திற் போயிற்று. ஆனால் அவர் உள்ளத்திலிருந்தது விலையன்று. மூச்சுத் திணறாமல் மலையேறித் தாம் கண்டதைப் பதித்துக்கொண்டு மீளவேண்டும் என்பதே. தம் உடற்குறையை நொந்து அவர் வீட்டிலே தங்கியிருந்தால், இச்சிறு கருவி பிறந்திராது. புதிதாகக் கமெரா வாங்க விழையும் இளைஞர், எதனைச் சேர்க்கலாம் என எண்ணுமுன், எதனைச் சுமக்காமல் விடலாம் என்று எண்ணுவாராக.