எடிசனின் போனோகிராஃப்: அறிமுகத்தில் கைதட்டல், அப்டேட்டில் தலைவலி... முதலில் வந்தவர் பின்தங்கியது எப்படி?

புது போன் அறிவிப்பு வந்தால் என்ன நடக்கும்? முதல் நாள் ஆச்சரியம். இரண்டாவது நாள், இதெல்லாம் ஏற்கெனவே இருந்ததுதானே என்ற கேலி. மூன்றாவது நாள், பழைய சார்ஜர் இதில் வேலை செய்யுமா, போன வருஷம் வாங்கிய மாடலுக்கு அப்டேட் வருமா என்ற கவலை.

இந்த மூன்றையும் சுமார் 150 வருடங்களுக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். அவர் தாமஸ் ஆல்வா எடிசன். மின்விளக்கோடு சேர்த்துத்தான் அவரை நமக்குத் தெரியும். ஆனால், அவரை உலகப் புகழ் பெற வைத்தது மின்விளக்கு அல்ல. குரலைப் பதிவு செய்து திரும்பப் பேசிய போனோகிராஃப் என்ற இயந்திரம். அந்தத் துறையைத் தொடங்கி வைத்தவரே கடைசியில் அதை இழுத்து மூட வேண்டியதானது. என்னதான் நடந்தது?

காது கேட்காதவர் கண்டுபிடித்த இசைக் கருவி

எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி 11, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள மிலன் என்ற சிற்றூரில். பள்ளிக்கூடம் போன நாட்கள் ரொம்பக் குறைவு. அம்மாதான் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பையனாக இருந்தபோதே ரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்றார். பிறகு தந்தி ஆபரேட்டர் வேலை.

சின்ன வயதிலேயே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வயதாக ஆக இன்னும் மோசமானது. இசையைக் கேட்க, பியானோ அல்லது போனோகிராஃப் பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, அதிர்வு எலும்பு வழியாக ஏறுவதைக் கேட்பாராம். அவருடைய பல் பதிந்த தடம் உள்ள இயந்திரமே இருக்கிறது.

1876-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க்கில் ஆய்வகம் தொடங்கினார். அடுத்த ஆண்டு, தந்தியையும் தொலைபேசியையும் மேம்படுத்தும் வேலையில் இருந்தபோது, குரலின் அதிர்வை ஒரு பரப்பில் பள்ளமாகப் பதித்தால் அதே பள்ளத்தில் ஊசியை ஓட்டிக் குரலைத் திரும்ப எடுக்கலாமே என்று யோசித்தார். ஆய்வகத்தின் மெக்கானிக் ஜான் குருசி, 1877 டிசம்பரில் அந்த இயந்திரத்தைச் செய்து முடித்தார். கையால் சுற்றும் ஓர் உருளை, அதன் மேல் சுற்றிய வெள்ளீயத் தாள், ஓர் ஊசி. அவ்வளவுதான். எடிசன் ஒரு குழந்தைப் பாட்டைச் சொன்னார். இயந்திரம் அதைத் திருப்பிச் சொன்னது.

முதல் ரியாக்‌ஷன்: நம்பவே முடியல!

1877 டிசம்பர் 7 அன்று, நியூயார்க்கில் உள்ள சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகை அலுவலகத்துக்கு எடிசன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். இன்றைய பாஷையில் சொன்னால் அதுதான் லாஞ்ச் நிகழ்ச்சி. ஆசிரியர் குழு சுற்றி நின்று கேட்டது. அந்த மாதமே செய்தி வெளிவந்தது. 1878 பிப்ரவரியில் காப்புரிமை கிடைத்தது. ஏப்ரலில் வாஷிங்டனில் விஞ்ஞானிகள் முன்பு செய்து காட்டினார். அன்றிரவே வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டு, நள்ளிரவு தாண்டியும் அதிபர் ரதர்ஃபோர்டு ஹேய்ஸுக்கு இயக்கிக் காட்டினார்.

எல்லாருமே நம்பிவிடவில்லை. பாரிஸில் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் இதைக் காட்டியபோது, மூத்த மருத்துவர் ஜான் பூயோ இது வாயசைக்காமல் குரல் கொடுக்கும் வித்தை என்று கோபப்பட்டதாக, வானியலாளர் காமில் ஃபிளமாரியோன் எழுதி வைத்திருக்கிறார்.

1878-லேயே இந்த இயந்திரம் எதற்கெல்லாம் பயன்படும் என்று எடிசன் ஒரு பட்டியல் போட்டார். கடிதம் எழுத டிக்டேஷன், பார்வையற்றவர்களுக்குப் பேசும் புத்தகம், பேசும் பொம்மை, நேரம் சொல்லும் கடிகாரம், குடும்பத்தினரின் குரல் சேமிப்பு, தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்வது. இன்று உங்கள் கையில் இருக்கும் போன் இதில் பெரும்பாலானதைச் செய்கிறது. பட்டியலில் இசையும் இருந்தது. ஆனால் முதலிடத்தில் இருந்தது அலுவலக டிக்டேஷன்.

இரண்டாவது ரியாக்‌ஷன்: இதை வச்சு என்ன பண்றது?

பிரச்னை எங்கே என்றால், வெள்ளீயத் தாள் சில தடவை ஓட்டினாலே தேய்ந்துவிடும். ஒருமுறை கழற்றிவிட்டால் மறுபடி சரியாகப் பொருத்துவதும் கஷ்டம். காசு கொடுத்துக் கண்காட்சியில் பார்த்தவர்கள், ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிட்டார்கள். புதுமை போனதும் கூட்டமும் போனது. எடிசனும் மின்விளக்கு வேலையில் இறங்கிவிட்டார். ஏறக்குறைய பத்து வருடம் போனோகிராஃப் கிடப்பில் கிடந்தது.

அந்த இடைவெளியில் போட்டியாளர்கள் வந்தார்கள். அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் ஆய்வகத்தைச் சேர்ந்த சிச்செஸ்டர் பெல்லும் சார்லஸ் டெய்ன்டரும், வெள்ளீயத்துக்குப் பதில் மெழுகில் வெட்டிப் பதிக்கும் கிராஃபோபோனுக்கு 1886-ல் காப்புரிமை வாங்கினார்கள். சேர்ந்து வேலை செய்யலாமா என்று எடிசனிடம் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். 1888-ல் மெழுகு உருளையோடு தன்னுடைய மேம்பட்ட மாடலைக் கொண்டுவந்தார். மூன்று நாள் தூங்காமல் வேலை செய்த களைப்போடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லப்பட்ட அவரது புகைப்படம் அப்போது பிரபலம்.

1890-ல் பேசும் பொம்மை வந்தது. உள்ளே குட்டி போனோகிராஃப், பின்னால் சுற்றும் கைப்பிடி. கைப்பிடியை ஒரே வேகத்தில் சுற்றக் குழந்தைகளால் முடியவில்லை. மெழுகு உடைந்தது. குரல் கேட்கப் பயமாக இருந்தது. சில வாரங்களிலேயே விற்பனை நின்றது.

அலுவலக டிக்டேஷனும் ஓடவில்லை. ஆனால், வாடிக்கையாளர்களே வேறு ஒரு வழியைக் காட்டினார்கள். 1889-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லூயிஸ் கிளாஸ் என்பவர், காசு போட்டால் பாட்டுக் கேட்கும்படி போனோகிராஃபை மாற்றி ஒரு மதுக்கடையில் வைத்தார். மக்கள் வரிசை கட்டினார்கள். ஜனங்களுக்கு வேண்டியது கடிதம் அல்ல, பாட்டு என்பது அங்கே தெரிந்துபோனது. 1896-ல் வீட்டு உபயோகத்துக்காகவே நேஷனல் போனோகிராஃப் கம்பெனியை எடிசன் தொடங்கினார்.

மூன்றாவது ரியாக்‌ஷன்: பழசை என்ன செய்வது?

இங்கேதான் உண்மையான சோதனை ஆரம்பம். எடிசனின் உருளையில் பாட்டு இரண்டு நிமிடம்தான் ஓடும். எமில் பெர்லினர் கண்டுபிடித்த கிராமபோனோ தட்டையான வட்டில் ஓடியது. வட்டை அச்சடித்து எடுப்பது எளிது. அடுக்கி வைப்பதும் எளிது. 1901-ல் உருவான விக்டர் கம்பெனி அதைப் பெரிய வியாபாரமாக்கியது.

எடிசனின் பதில், 1908-ல் வந்த ஆம்பரால் உருளை. பள்ளங்களை இரண்டு மடங்கு நெருக்கமாக வெட்டியதால் நான்கு நிமிடம் ஓடியது. நல்ல அப்டேட்தான். ஆனால் பழைய இயந்திரத்தில் அப்படியே ஓடாது. அதற்காகப் பழைய மாடல்களில் மாட்டிக்கொள்ளும் கூடுதல் கியரையும் புது ஊசித் தலையையும் தனியாக விற்றார்கள். இன்று டாங்கிள் வாங்குகிறோமே, கிட்டத்தட்ட அதே கதை. புது உருளை சீக்கிரம் தேய்கிறது, உடைகிறது என்ற புகார் வேறு. 1912-ல் செல்லுலாய்டில் செய்த நீல ஆம்பரால் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

அதே சமயத்தில் எடிசனும் வட்டுக்கு இறங்கி வந்தார். டைமண்ட் டிஸ்க். கால் அங்குலத் தடிமன், வைர ஊசி. ஒலித்தரத்தில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. 1915 முதல் ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடையில் பாடகர் பாடுவார், விளக்கு அணையும், பாட்டு தொடரும். விளக்கு எரியும்போது பாடகர் அங்கே இருக்க மாட்டார், இயந்திரம் மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

சரி, சிக்கல் என்ன? எடிசன் வட்டில் ஊசி மேலும் கீழும் அசையும். விக்டர் வட்டில் பக்கவாட்டில் அசையும். அதனால் எடிசன் வட்டு மற்ற இயந்திரத்தில் ஓடாது. மற்ற வட்டு எடிசன் இயந்திரத்தில் ஓடாது. வேறு கம்பெனிகள் அடாப்டர் செய்து விற்றன. வீட்டில் ஏற்கெனவே விக்டர் இயந்திரம் இருப்பவர், தரம் நன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றுவாரா?

ஹார்டுவேர் சூப்பர்... ஆனால் பாட்டு?

அதைவிடப் பெரிய சறுக்கல், இயந்திரத்தில் ஓடும் பாட்டில் இருந்தது. எந்தப் பாட்டை வெளியிடலாம், எந்தப் பாடகர் வேண்டும் என்பதில் எடிசனே நேரடியாக முடிவெடுத்தார். குரலில் நடுக்கம் இருந்தால் பிடிக்காது. ஜாஸ் இசை அறவே பிடிக்காது. பாட்டு நன்றாக இருந்தால் போதும், பாடுபவரின் பெயர் எதற்கு என்பது அவர் எண்ணம். தொடக்க கால டைமண்ட் டிஸ்க்குகளில் பாடகர் பெயரே இருக்காது.

விக்டர் நேர்மாறாகச் செய்தது. என்ரிகோ கரூசோ போன்ற நட்சத்திரங்களின் பெயரை முன்னால் வைத்தே விற்றது. பியானோ மேதை ரக்மானினோவ் 1919-ல் எடிசனுக்குப் பதிவு செய்தார். 1920-ல் விக்டருக்குப் போய்விட்டார்.

பழைய வாடிக்கையாளரைக் கைவிடாதவர்

எடிசனை வெறும் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. நகரங்கள் வட்டுக்கு மாறிய பிறகும், கிராமப்புறங்களில் ஏராளமான குடும்பங்கள் எடிசன் உருளை இயந்திரத்தைத்தான் வைத்திருந்தன. மற்ற பெரிய கம்பெனிகள் உருளையைக் கைகழுவிய பிறகும், 1929 வரை அவர் புதுப் பாட்டுகளை உருளையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். நம்பி வாங்கியவரை நடுத்தெருவில் விடவில்லை.

அதற்கு விலையும் இருந்தது. இரண்டு வடிவத்துக்கும் ஒரே நேரத்தில் தொழிற்சாலையும் பணமும் தேவைப்பட்டன. 1914 டிசம்பரில் வெஸ்ட் ஆரஞ்ச் தொழிற்சாலையில் பெரும் தீ விபத்து. 1920-களில் ரேடியோ வந்து காசில்லாமல் பாட்டுக் கொடுத்தது. விக்டர் 1925-லேயே மைக் வைத்த மின் ஒலிப்பதிவுக்கு மாறியது. எடிசன் கம்பெனி மாறியது 1927-ல். நடுவில், 1926-ல் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் ஓடும் நீண்ட இசை வட்டைக் கொண்டுவந்தார்கள். யோசனை காலத்தை மிஞ்சியது. ஆனால் ஒலி மெலிந்திருந்தது, வாங்க ஆளில்லை.

அதற்குள் பொறுப்பு மகன் சார்லஸ் எடிசன் கைக்கு வந்திருந்தது. 1929-ல் ஒருவழியாக மற்ற இயந்திரங்களிலும் ஓடும் வட்டை வெளியிட்டார்கள். ரொம்பத் தாமதம். அந்த அக்டோபரிலேயே இசைப்பதிவு வியாபாரம் மூடப்பட்டது. எடிசன் 1878-ல் பட்டியலில் முதலாவதாக எழுதிய அலுவலக டிக்டேஷன் இயந்திரம் மட்டும் தொடர்ந்தது.

எடிசன் 1931 அக்டோபர் 18 அன்று, 84 வயதில் காலமானார். அவர் பெயரில் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகள். இறுதிச் சடங்கு நடந்த நாளில், அமெரிக்கா முழுவதும் மக்கள் ஒரு நிமிடம் விளக்கணைத்து அஞ்சலி செலுத்தினார்கள்.

போனோகிராஃப் கதையில் தோற்றது தொழில்நுட்பம் அல்ல. எது நல்ல ஒலி என்பது எடிசனுக்குத் தெரிந்திருந்தது. வாங்குபவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார், ஏற்கெனவே வைத்திருப்பதோடு அது சேருமா என்ற இரண்டு கேள்விகளில்தான் அவர் பின்தங்கினார். யார் ஜெயித்தார் என்பதற்குத் தமிழே சாட்சி: நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது போனோகிராஃப் அல்ல, கிராமபோன். உருளை அல்ல, இசைத்தட்டு.