மருத்துவர் ஐடா ஸ்கடர்: கண்டதும் கற்றதும்

மருத்துவராக விரும்பும் மாணவர், மருத்துவரின் பணியை முன்கூட்டியே அருகிலிருந்து பார்ப்பதால் பயன் உண்டா? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனரான ஐடா ஸ்கடரின் வாழ்க்கை இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகிறது.

இளமைக் காலம்

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையும் மருத்துவர்கள். தந்தையின் பணியைக் கண்டு வளர்ந்தபோதிலும், மருத்துவராகும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அமெரிக்காவில் பள்ளிக் கல்வி பயின்ற பின், நோயுற்ற தாய்க்கு உதவுவதற்காக 1890-இல் திண்டிவனம் வந்தார். மீண்டும் அமெரிக்காவிற்கே திரும்பிவிடுவது அவரது திட்டம்.

திருப்புமுனை

ஓரிரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவுமாறு ஐடாவை அழைத்தனர். தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் கூறினார். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்களைப் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். மூன்று பெண்களும் உயிரிழந்தனர். அதன் பின்னரே மருத்துவம் பயில அவர் முடிவு செய்தார்.

கல்வியும் பணியும்

1895-இல் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது 151 விண்ணப்பங்கள் வந்தன. இடமின்மையால் பலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அப்பள்ளி 1942-இல் எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஐடா 1960-இல் காலமானார்.

இன்றைய மாணவர்களுக்கு

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போர் மருத்துவருடன் இருந்து பெற்ற அனுபவத்தையும் குறிப்பிடுவது வழக்கம். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் தேர்வுத் தரவரிசையின்படியே நடைபெறுகிறது. மருத்துவமனை அனுபவத்திற்கு மதிப்பெண் இல்லை. எனவே, அத்தகைய சான்றிதழுக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களில் உறுதியான அடித்தளமே முதல் தேவை. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. கிருஷ்ணகிரியிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெற்றோர் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

ஆயினும், மருத்துவரின் பணியை நேரில் காண்பது வேறு வகையில் உதவும். இரவுப் பணி, அழுகை, இறப்பு ஆகியவற்றைக் கண்ட பின்னும் விருப்பம் நிலைக்கிறதா என்பதை மாணவரே அறிந்துகொள்ளலாம். மருத்துவமனையின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் பெற்றே பார்வையிட வேண்டும். அங்கு கண்டதை வெளியில் பகிரக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. திண்டிவனத்தில் ஐடாவிடம் உதவும் மனம் இருந்தது, கல்வி இல்லை. நோயாளிக்கு இரண்டும் தேவை.