பழிச்சொல்லுக்குப் பதில் சொன்ன தத்துவ போதகர்

நாவடக்கத்தைப் பற்றி நம் அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் நமக்குச் சொல்லாத நாளில்லை. ஆனால் பள்ளி வாயிலைத் தாண்டியதும் பேருந்து நிலையத்திலும், தண்ணீர்க் குழாயடியிலும், லாரிப் பட்டறை ஓரத்திலும் நம் காதில் விழும் சொற்களோ வேறு. அவற்றைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு போவதா? திருப்பிச் சொல்வதா? கிறிஸ்தவப் பெண்களாகிய நாம் என்ன செய்ய வேண்டும்? ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் சேலத்துக்கு வந்த ஒரு துறவியின் வாழ்க்கை இதற்கு நல்ல விடை தருகிறது. அவரே தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் தெ நொபிலி.

அவர் 1577ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் உயர்குடி ஒன்றில் பிறந்தார். செல்வத்தையும் பட்டத்தையும் துறந்து சேசு சபையில் சேர்ந்தார். 1605இல் கோவா வந்து இறங்கி, 1606இல் மதுரையை அடைந்தார். அங்கே அவரை எதிர்கொண்டது ஒரு வசைச்சொல். அது 'பரங்கி' என்பது.

போர்த்துக்கீசியருக்கு இந்நாட்டு மக்கள் இட்ட பெயர் அது. மது குடிப்பவர், மாட்டிறைச்சி உண்பவர், தூய்மையற்றவர், இழிந்தவர் என்ற அருவருப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அதற்கு முன் வந்த மறைப்பணியாளர் அச்சொல்லின் பொருளைச் சரியாக அறியாமல் தாங்களே அதைப் பயன்படுத்தி வந்தனர். ஞானஸ்நானம் பெற வந்தவரிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்பது வழக்கமாக இருந்தது! பொருள் தெரியாமல் ஒரு சொல்லை வாயில் போட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய கேடு என்பதை இதனால் அறிகிறோம். விளையாட்டாகவும், பிறர் சொல்லக் கேட்டும் நாம் சொல்லும் சில சொற்களின் பொருள் தெரிந்தால் நாமே வெட்கப்படுவோம் அல்லவா?

தெ நொபிலி முதலில் மொழியைக் கற்றார். தமிழோடு வடமொழியையும் தெலுங்கையும் பயின்றார். காவியுடை உடுத்தினார், இறைச்சியை விட்டார், நாளுக்கு ஒரு வேளை மரக்கறி உணவே உண்டார். தம்மைப் பரங்கி என்று பழித்தவரை அவர் திருப்பிப் பழிக்கவில்லை. தாம் பரங்கி அல்லர், உரோமை நகரத்துக் குடிப்பிறந்து உலகைத் துறந்தவர் என்பதை ஓலையில் எழுதித் தம் வீட்டு வாசலிலேயே வைத்தார். வருகிறவர் போகிறவர் யாவரும் அதைப் படிக்கலாம். வசைக்கு எதிராக அவர் எடுத்த ஆயுதம் ஓர் ஓலையும் ஓர் எழுத்தாணியுமே.

பழி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே அவர்மேல் குற்றம் சாட்டி உரோமைக்கு எழுதினர். அதற்கும் அவர் பொறுமையாகக் காரணம் காட்டி விளக்கம் எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின், 1623இல், பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருடைய வழிக்கு இசைவு அளித்தார்.

அதே ஆண்டில்தான் அவர் நம் பகுதிக்கு வந்தார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். சேலத்திலோ முதலில் தங்க இடம் கொடுப்பாரில்லை. அவர் யாரையும் சபிக்கவில்லை. ஊரை விட்டுப் போகவுமில்லை. காத்திருந்தார். பின்னர் சேலத்து ஆட்சியாளரின் தமையனாரும், பதவி இழந்திருந்தவருமான திருமங்கல நாயக்கர் அவருக்கு நண்பரானார். கான்ஸ்தந்தீன் என்ற பெயரில் ஞானஸ்நானமும் பெற்றார்.

வேதத்தின் மீது சொல்லப்பட்ட பழிகளுக்கு விடையாகத் தெ நொபிலி எழுதிய நூலின் பெயர் 'தூஷண திக்காரம்'. தூஷணம் என்றால் பழிச்சொல். இலங்கைத் தமிழர் கெட்ட வார்த்தையை இன்றும் தூஷணம் என்றே சொல்வர். தூஷணத்துக்குத் தூஷணம் அன்று, நியாயம் சொல்வதே விடை என்று அவர் காட்டினார். கோவில், பூசை, அருள் போன்ற சொற்களை நம் செபங்களில் புழங்கச் செய்த பெருமையும் அவருக்கு உண்டு. தம்மை வைத மொழியிலேயே இறைவனைத் துதிக்கும் சொற்களைத் தேடினார்!

ஆனால் ஒன்றை நாம் மறைக்காமல் எண்ணிப் பார்க்க வேண்டும். தாம் பரங்கி அல்லர் என்று அவர் சொன்னபோது அவர்மேல் விழுந்த சேறு கழுவப்பட்டது. அந்தச் சொல்லோ, கடற்கரையில் முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்த ஏழை மீனவர்மேல் அப்படியே நின்றது. மேல்சாதியாருக்கு அவர் தனிக் கோவில் வைத்துக்கொண்டார். தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணிபுரியப் பண்டாரசுவாமிகள் என்ற குருக்கள் வந்தது 1640ஆம் ஆண்டளவில்தான். அக்காலத்து வழக்கம் அது என்று சொல்லலாம். என்றாலும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

இன்று நம் தெருக்களில் கேட்கும் வசவுகளைச் சற்று ஆராய்ந்தால், அவற்றுள் பல ஒரு சாதியின் பெயர், அல்லது ஒருவரின் உடற்குறை, அல்லது ஒரு தாயின் மானம். இரண்டு ஆண்கள் சண்டையிட்டாலும் ஏசப்படுவது அங்கே இல்லாத ஒரு பெண்! அப்படிப்பட்ட சொல் நம்மேல் வீசப்படும்போது நான் அப்படிப்பட்டவள் அல்ல என்று மட்டும் சொன்னால், அதை அடுத்த வீட்டுப் பெண்ணின்மேல் தள்ளிவிட்டவர்களாவோம். எவரையும் அப்படிச் சொல்லலாகாது என்பதே முழுமையான விடை.

1797இல் உரோமையில் லூயிஜி பெலிச்சி என்னும் சேசு சபைக் குரு, தேவதூஷணத்துக்குப் பரிகாரமாக ஒரு துதிமாலையை இயற்றினார். நற்கருணை ஆசீரின்போது நாம் சொல்லும் துதிகள் அதிலிருந்தே வந்தவை. அழுக்கான சொல் கேட்ட இடத்தில் துதிச்சொல் ஒன்றை வைப்பது திருச்சபையின் பழக்கம்.

தெ நொபிலி முதுமையில் மதுரையில் சிறையும் இருந்தார். பார்வை மங்கி, யாழ்ப்பாணம் சென்று, இறுதியில் மயிலாப்பூரில் 1656இல் இறைவனடி சேர்ந்தார். தோழியரே, அவர் விட்டுச் சென்ற ஓலையும் எழுத்தாணியும் இன்று நம் நாவில் இருக்கின்றன. சொல்லின் பொருளை அறிவோம். வசவைத் திருப்பித் தராதிருப்போம். வேறு எவர்மேலும் அது விழாமல் தடுப்போம். நம் வீட்டுத் திண்ணையிலும் வகுப்பறையிலும் இன்றே தொடங்குவோம்!