சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

எண்ணூர்க் கடலோரத்திலிருந்து, குடும்பத்தில் முதல் பெண்ணாகக் கல்லூரி செல்லவிருக்கும் தோழியரே! நமக்கு வழியமைத்த ஒருவரை நினைவுகூர்வோம்.

1886-இல் மயிலையில் பிறந்த அம்மையார், சிறுமியாக இருக்கையிலேயே கைம்பெண்ணானார். தந்தையார் அவரை மூலையில் அமர்த்தாமல் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிய அவர், தாம் ஏறிய படியில் பிறரையும் ஏற்றினார். நான்கு இளம் கைம்பெண்களுடன் தம் வீட்டில் தொடங்கிய இல்லம், பின்னர் ஐஸ் ஹவுஸில் வளர்ந்தது. அப்பெண்களைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தி, அருகிலிருந்த இராணி மேரிக் கல்லூரிக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் அனுப்பினார். குப்பத்து மீனவச் சிறாருக்கும் பள்ளி வைத்தார். 1969-இல் மறைந்தார்.

கல்லூரியில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. தங்க ஓர் இல்லமும், தடுமாறுகையில் சொல்லிக்கொடுக்க ஒருவரும் வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது. முன்னே செல்லும் நாம், பின்னே வரும் தங்கையரின் கைபிடிப்போமாக!