ரப்பரின் நீளத்தைக் கடிகாரத்தால் அளந்தவர்: யார் இந்த ஹெர்மன் ஸ்டாடிங்கர்?

துணை மின் நிலையத்தில் நிற்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கம்பிச் சுருள்களைச் சுற்றி, எண்ணெயில் ஊறிக் கிடப்பது வெறும் காகிதம்தான். புதுசில் அதன் செல்லுலோஸ் சங்கிலி ஒன்றில் சராசரியாக சுமார் 1,000 கண்ணிகள் இருக்கும். சூட்டில் அறுந்து அறுந்து 200-க்கு வந்துவிட்டால் காகிதத்தின் ஆயுள் முடிந்தது.

கண்ணிகளை எப்படி எண்ணுகிறார்கள்? காகிதத்தைக் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஓடவிட்டு, இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். அட, இவ்வளவுதானா என்று தோன்றும். இந்த எளிய வழிக்காக ஒருவர் பல ஆண்டுகள் சண்டை போட வேண்டியிருந்தது.

ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1881-ல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பிறந்தார். ரப்பரும் செல்லுலோஸும் சாதாரண வேதிப் பிணைப்பால் கோத்த மிக நீண்ட சங்கிலிகள் என்று 1920-ல் எழுதினார். அன்றைய பெரிய வேதியியலாளர்கள் ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான் என்றார்கள். அவர் ரப்பரில் ஹைட்ரஜனை ஏற்றிக் காட்டினார். வெறும் கும்பல் என்றால் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை.

1926-ல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேதான் கண்ணாடிக் குழாய் வேலை சூடுபிடித்தது. கரைசல் கெட்டியாக இருந்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அளவு தப்பாகிவிடும். அதனால் மிகக் குறைந்த செறிவில் கரைத்தார். சங்கிலி நீளமானால் ஓட்டம் மெதுவாகும். சூட்டில் அறுந்தால் வேகமாகும். இதை 1930-ல் ஒரு சமன்பாடாக்கினார்.

அதிலும் பிழை இருந்தது. சங்கிலியை விறைப்பான குச்சி என்று நம்பியதால், நீளத்துக்கும் பாகுத்தன்மைக்கும் நேர்கோட்டு உறவு போட்டார். உண்மையில் அது சுருளும். பின்னால் வந்தவர்கள் ஒரு அடுக்கெண் சேர்த்துத் திருத்தினார்கள்.

முதல் உலகப் போரின்போது அமைதிக்காக எழுதியதை நாஜிக்கள் மறக்கவில்லை. 1934-ல் அவரை வேலையை விட்டு நீக்கச் சொன்னவர், அப்போது அதே பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த தத்துவவாதி ஹைடெகர். எப்படியோ வேலை தப்பியது. 1944 நவம்பர் குண்டுவீச்சில் ஆய்வுக்கூடமே நொறுங்கியது. நோபல் பரிசு 1953-ல் வந்தபோது அவருக்கு வயது 72. 1965-ல் மறைந்தார்.

சரி, ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துக் காகிதம் எடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஆனால் சங்கிலி அறும்போது ஃபர்ஃபுரால் என்ற பொருள் எண்ணெயில் கசியும். 100 கோடியில் சில பங்கு இருந்தாலும் இன்றைய கருவிகள் பிடித்துவிடும். ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் போதும்.