மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்: ஜேம்ஸ் பி. லான்சிங்



ஹாஸ்டல்ல எந்த ரூமுக்குப் போனாலும் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கராவது இருக்கும். அதுல பாதிக்கு மேல ஜேபிஎல் என்ற மூணு எழுத்தைப் பார்த்திருப்பீங்க. அது ஏதோ டெக்னாலஜியோட சுருக்கம்னுதான் நம்மில் பல பேர் நினைச்சிட்டு இருக்கோம். இல்லீங்க, அது ஒரு மனிதரின் பெயர். ஜேம்ஸ் புல்லோ லான்சிங். 1949-ல் அவர் இறந்தபோது வயது 47. அவர் தொடங்கிய கம்பெனி அன்றைக்குக் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது.

லேப்டாப், ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வச்சு சின்னதா ரெக்கார்டிங் செட்டப் போடற நண்பர்கள் இப்ப நிறைய. அடுத்து எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: மிக்ஸ் பண்ண எந்த மானிட்டர் வாங்கறது? மேசை மேல வைக்கற மாதிரி சின்ன பேசிவ் ஸ்பீக்கர் ஜோடி ஒண்ணும், தனியா ஒரு ஆம்ப்பும் போதுமா? லான்சிங் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, இதுக்குப் பாதி பதில் தானா கிடைச்சிடும். மீதி பாதியைக் கடைசியில் நாமே கணக்குப் போட்டுக்கலாம்.

மார்டினி வீட்டுப் பையன்

1902 ஜனவரி 14. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜேம்ஸ் மார்டினி. அப்பா சுரங்கத் தொழிலில் இருந்தவர். வீட்டில் 14 பிள்ளைகள்; இவர் ஒன்பதாவது. இத்தனை பேர் இருக்கும் வீட்டில் ஒரு பையன் மூலையில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? சிறு வயதிலேயே அவர் சொந்தமாக ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் செய்தார் என்றும், அதன் சிக்னல் கடற்படைத் தளம் வரை போய்ச் சேர்ந்ததால் அதிகாரிகள் வந்து பிரித்துப் போட வைத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

இன்ஜினியரிங் காலேஜ் பக்கம் அவர் போனதே இல்லை. கொஞ்ச நாள் ஒரு வணிகப் பள்ளியில் படித்தார், கார் மெக்கானிக்காக வேலை பார்த்தார். 1924-ல் அம்மா இறந்ததும் ஊரை விட்டுக் கிளம்பி, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குப் போய் ஒரு ரேடியோ நிலையத்தில் சேர்ந்தார். பிற்பாடு மனைவியாக வந்த க்ளென்னாவை அங்கேதான் சந்தித்தார். அவர் வாழ்க்கையையே மாற்றிய இன்னொருவரும் அங்கேதான் அறிமுகமானார். அவர் கென் டெக்கர்.

டெக்கருக்குக் கணக்கு தெரியும், ஆட்களிடம் பேசத் தெரியும், கடன்காரரைச் சமாளிக்கத் தெரியும். லான்சிங்குக்கு ஸ்பீக்கர் செய்யத் தெரியும். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸ் போய் 1927 மார்ச்சில் லான்சிங் மேனுஃபேக்சரிங் கம்பெனியைத் தொடங்கினார்கள். மார்டினி என்ற பெயரை விட்டுவிட்டு, அந்தச் சமயத்தில்தான் அவர் ஜேம்ஸ் புல்லோ லான்சிங் ஆனார். முதலில் செய்தது பெரிய சமாச்சாரம் எதுவும் இல்லை. ரேடியோ பெட்டிகளுக்குள் வைக்கும் 6 இன்ச், 8 இன்ச் ஸ்பீக்கர்கள்தான்.

ஒரு காலடிச் சத்தம், இரண்டு முறை

கம்பெனி தொடங்கிய அதே ஆண்டில் ஹாலிவுட்டில் பேசும் படம் வந்துவிட்டது. ஆயிரம் பேர் உட்காரும் தியேட்டரை நிரப்ப வேண்டும். ஆனால் அன்றைய வால்வு ஆம்ப்புகளின் சக்தியோ சில வாட்டுகள் தொடங்கிச் சில பத்து வாட்டுகளுக்குள்தான். அந்தக் கொஞ்ச வாட்டில் எவ்வளவு சத்தம் பிழிந்தெடுக்க முடியும் என்பதுதான் அன்றைய ஸ்பீக்கர் இன்ஜினியரின் முழுக் கவலையும். ஹார்ன் என்ற வாய் அகன்ற குழல் வந்தது அதனால்தான்.

எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஒலிப் பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரர். அவரிடம் இருந்த இன்ஜினியர் ஜான் ஹில்லியர்ட். தியேட்டர் ஸ்பீக்கர்களின் தரம் போதாது, நாமே ஒன்று செய்வோம் என்று இறங்கியவர்கள் தேடிப் பிடித்தது லான்சிங்கை.

அங்கே வந்த ஒரு பிரச்சினையைக் கேளுங்க. அன்றைக்கு இருந்த பெரிய சிஸ்டங்களில் பேஸுக்கு நீளமான ஹார்ன், ட்ரெபிளுக்குக் குட்டை ஹார்ன். இரண்டுக்கும் நீள வித்தியாசம் ஏறக்குறைய 8 அடி. எலினர் பவல் என்ற நடிகையின் டாப் டான்ஸைப் போட்டுக் கேட்டபோது, ஒரு காலடி இரண்டு காலடியாகக் கேட்டது. 8 அடி என்பது சுமார் 2.4 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். வகுத்துப் பாருங்க, 7 மில்லிசெகண்ட். பேஸ் அவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டில் தெரியாத குறை, டக் டக் என்ற காலடியில் மாட்டிக்கொண்டது!

தீர்வாக பேஸ் ஹார்னை மடித்துக் குறுக்கினார்கள். இரண்டு பாதையின் நீளமும் நெருங்கி வந்தது. கம்ப்ரஷன் டிரைவரையும் 15 இன்ச் பேஸ் ஸ்பீக்கரையும் லான்சிங் கம்பெனி செய்து கொடுத்தது. ஷியரர் ஹார்ன் என்ற அந்த அமைப்புக்கு 1936-க்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது கிடைத்தது. விருது ஷியரர் பெயரிலும் ஸ்டுடியோவின் ஒலிப் பிரிவு பெயரிலும்தான்.

தியேட்டருக்கு ஹார்ன் சரி. ஆனா படத்தை மிக்ஸ் பண்றவர் உட்கார்ந்திருக்கறது சின்ன அறையில். ஆள் உயரத்துக்கு மேல நிக்கற ஹார்னை அங்கே எங்கே வைப்பது? லான்சிங் அதே யோசனையைச் சுருக்கி 1937-ல் ஐகானிக் என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். ஒரு 15 இன்ச் வூஃபர், மேலே ஒரு சின்ன ஹார்ன், இரண்டையும் 800 ஹெர்ட்ஸில் பிரிக்க ஒரு கிராஸ்ஓவர். இன்னைக்கு நமக்கு அது பீரோ மாதிரி தெரியும். அந்தக் காலத்துக்கு அதுதான் கைக்கடக்கமான ஸ்டுடியோ மானிட்டர்.

கூட்டாளி போன பிறகு

1939-ல் டெக்கர் விமான விபத்தில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு கம்பெனி பழையபடி நிற்கவே இல்லை. லான்சிங் திறமையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வரவு செலவைப் பார்க்க ஆள் இல்லை. 1941 டிசம்பர் 4, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மூன்று நாள் முன்பு, தியேட்டர் ஒலிச் சாதனங்களைப் பராமரித்து வந்த ஆல்டெக் என்ற நிறுவனம் லான்சிங் கம்பெனியை வாங்கிவிட்டது. ஆல்டெக் லான்சிங் என்று புதுப் பெயர். இன்ஜினியரிங் துறைக்கு இவர் துணைத் தலைவர், ஐந்து ஆண்டு ஒப்பந்தம்.

அந்த ஐந்து ஆண்டில் அவர் செய்ததைப் பாருங்க. 15 இன்ச் வூஃபருக்கு நடுவிலேயே ட்ரெபிள் ஹார்னைப் பொருத்திய 604 டூப்ளெக்ஸ் வந்தது. இரண்டு ஒலியும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் பிசிறு தட்டாது. அமெரிக்க ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் பல பத்தாண்டுகள் மானிட்டர் என்றாலே 604தான். தியேட்டர்களுக்கு வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர் வரிசையும் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

ஒப்பந்தம் முடிந்ததும் 1946-ல் வெளியே வந்தார். சொந்தக் கம்பெனிக்கு லான்சிங் சவுண்ட் என்று பெயர் வைத்தார். உடனே ஆல்டெக் ஆட்சேபித்தது. லான்சிங் என்ற பெயரைத்தான் ஏற்கெனவே விற்றாகிவிட்டதே! ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட பெயரைச் சொந்தக் கம்பெனிக்கு வைக்கவே தகராறு. கடைசியில் ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என்று நீட்டி எழுதிக்கொண்டார். நாம இன்னைக்குச் சொல்ற ஜேபிஎல் அந்த நீளப் பெயரின் முதலெழுத்துகள்தான்.

1947-ல் டி130 என்ற 15 இன்ச் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். வாய்ஸ் காயிலின் அகலம் 4 இன்ச். வட்டக் கம்பிக்குப் பதில் தட்டையான ரிப்பன் கம்பியை விளிம்பு நிமிர்த்திச் சுற்றியிருப்பார். காந்தத்தின் இடைவெளியில் வீணாகும் இடம் குறையும், கொடுத்த கரண்டுக்கு அதிக விசை கிடைக்கும். பிற்காலத்தில் ஃபெண்டர் கிடார் ஆம்ப்புகளில் இதே ஸ்பீக்கரின் இன்னொரு வடிவம் இடம் பிடித்தது.

சரக்கு முதல் தரம். கல்லாப்பெட்டிதான் காலி. மார்க்வார்ட் என்ற விமான எஞ்சின் நிறுவனம் பணம் போட்டது. அங்கிருந்து வில்லியம் தாமஸ் என்பவர் கணக்குப் பார்க்க வந்தார். 1949-ல் மார்க்வார்ட் கைமாறியபோது அந்த ஆதரவும் போனது. கடன் சுமார் 20,000 டாலர். அந்த செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் இருந்த தன் வீட்டில் லான்சிங் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கம்பெனியின் பெயரில் 10,000 டாலர் ஆயுள் காப்பீடு இருந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு தாமஸ் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார்.

இதைப் படிச்சிட்டு, செத்து ஜெயிச்சார்னு யாரும் எடுத்துக்காதீங்க. கம்பெனியைக் காப்பாற்றியது தாமஸின் உழைப்பு. லான்சிங் உயிரோடு இருந்திருந்தால் ஸ்டீரியோ வந்த காலத்தில் அவருக்கு ஐம்பத்தைந்து வயதுகூடத் தொட்டும் தொடாமலும்தான் இருந்திருக்கும். இன்னும் என்னென்ன செய்திருப்பாரோ! கடனோ அரியரோ, தாங்க முடியலைன்னா ரூம் மேட்கிட்டயாவது வாயைத் திறந்து சொல்லிடுங்க. டெக்கர் இருந்தவரை லான்சிங்குக்கு அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தார்.

மேசை மேல் ஏறிய ஸ்பீக்கர்

1968-ல் ஜேபிஎல் 4310 என்ற மானிட்டரை வெளியிட்டது. 12 இன்ச் வூஃபர் கொண்ட மூணு வழி ஸ்பீக்கர். மிக்ஸிங் கன்சோல் பக்கத்தில் வைத்துக் கேட்கும் அளவு. அதன் குறி, ஸ்டுடியோக்களில் பழகிப்போன 604-ன் ஒலி. அதாவது, லான்சிங் தொடங்கிய கம்பெனி, லான்சிங் விட்டுவிட்டு வந்த ஸ்பீக்கரோடு மோதியது. இதன் வீட்டு வடிவம்தான் எல்100. பிறகு 1978-ல் யமஹா என்எஸ்-10 வந்தது. கூம்பு இன்னும் சிறிதானது, கேட்கும் தூரம் ஒரு மீட்டர் ஆனது. நாம தேடற சின்ன பேசிவ் நியர்ஃபீல்டு மானிட்டருக்கு இதுதான் வம்சாவளி.

சரி, கணக்குக்கு வருவோம்

முதல்ல சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது ஸ்பெக் ஷீட்டில் இருக்கும். டி130-க்கு அது 100-க்கு மேல். இன்றைய 5 இன்ச் பேசிவ் ஸ்பீக்கருக்கு 87 என்று வைத்துக்கொள்வோம். 85 டெசிபெல்லில் மிக்ஸ் கேக்கறீங்க; டிரம் அடி விழும்போது அதற்கு மேல் 20 டெசிபெல் வேணும். மொத்தம் 105. லான்சிங் ஸ்பீக்கருக்கு 5 டெசிபெல் ஏற்றினால் போதும், 3 வாட் சரியாப் போச்சு. உங்க சின்ன ஸ்பீக்கருக்கு 18 டெசிபெல் ஏற்றணும். அது 63 வாட். ஜோடியா ஓடும்போது ஏறக்குறைய பாதி போதும். ஆக, பக்கத்துக்கு 50 வாட்டிலிருந்து 100 வாட் தரும் நல்ல ஆம்ப் இருந்தா நிம்மதி. 15 வாட் ஆம்ப்பை முழுசாத் திருகி கிளிப் ஆக விட்டா ட்வீட்டர் போயிடும்.

ரெண்டாவது, பெட்டி. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி, இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும். இது இயற்பியல். லான்சிங் பேஸையும் சத்தத்தையும் எடுத்துக்கிட்டு அளவை விட்டுக்கொடுத்தார். நம்ம ரூம்ல அளவை விட்டுத்தர முடியாது. வாட் இன்னைக்கு மலிவு, அதனால சென்சிடிவிட்டியை விட்டுக்கொடுப்போம். 5 இன்ச் ஸ்பீக்கர் 30 ஹெர்ட்ஸ் தரும்னு யாராவது சொன்னா, எத்தனை டெசிபெல் குறைச்சலில்னு கேளுங்க.

மூணாவது, இம்பீடன்ஸ். ஸ்பீக்கர் 4 ஓம்னா, ஆம்ப்பும் 4 ஓம் தாங்குமான்னு பாருங்க. கேபிள் தடிமனா, குட்டையா இருக்கட்டும். பேசிவ்ல இன்னொரு வசதி: ஆம்ப் கெட்டா ஆம்ப்பை மட்டும் மாத்தலாம்.

நாலாவது, காலடிச் சத்தம் சொன்ன பாடம். ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமா உட்காரணும், பக்கத்துக்கு ஒரு மீட்டர் அளவு. ட்வீட்டர் காது உயரத்தில். ஒரு ஸ்பீக்கர் ஒரு சாண் முன்னால இருந்தாலும் பாடகர் நடுவில் நிக்காம ஒரு பக்கமா நகர்ந்திடுவார். வாங்கறதுக்கு முன்னாடி நீங்க நூறு தடவை கேட்ட பாட்டோட, வெறும் கைதட்டல் ரெக்கார்டிங் ஒண்ணையும் எடுத்துட்டுப் போங்க. டாப் டான்ஸ் மாதிரி அதுவும் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியா ஒண்ணு. 1969-ல் தாமஸ் ஜேபிஎல்லை சிட்னி ஹார்மனின் நிறுவனத்துக்கு விற்றார். 2017-ல் ஹார்மன் சாம்சங் கைக்குப் போனது. இத்தனை பேர் கை மாறியும் பெயர் மட்டும் மாறவில்லை. உங்க கிளாஸ்லயும் நல்லா சர்க்யூட் போடற ஒரு லான்சிங் இருப்பான், நல்லாக் கணக்குப் பார்க்கற ஒரு டெக்கர் இருப்பா. ரெண்டு பேரையும் ஒரே டீமில் போடுங்க.